இருபத்துமூன்றாம் வாதியின் கணவர்

கோர்ட் டவாலி வெளியே வந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும்போதும் குழந்தைவேலு பெஞ்சிலிருந்து பாதி எழுந்து, தன் பெயர் இல்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்தார். யாரோ ஒரு பழனாத்தாள், யாரோ ஒரு அப்துல் கரீம், ஒவ்வொரு பெயரும் மும்மூன்று தடவை, மூன்றாவது தடவை மட்டும் ஆள் வந்தால் வரட்டும் வராவிட்டால் போகட்டும் என்கிற மாதிரி ஒரு இழுப்பு. மணி பதினொன்றேகால். வராந்தாவின் இந்தப் பக்கத்து பெஞ்சில் அவர். அந்தப் பக்கத்து பெஞ்சில் அவர் மனைவி வளர்மதி. நடுவே பத்தடி இருக்கும், பத்தேகால் என்றும் சொல்லலாம், முப்பது வருஷமாக டேப் பிடித்த கண் அளக்காதே என்றால் கேட்பதில்லை. காலையில் இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில்தான் வந்தார்கள். கோர்ட் கேட்டுக்கு வெளியே இறங்கிக்கொண்டு புடவையை நீவியபடி, "நீங்க முன்னால போங்க, நான் டீச்சர் வந்ததும் அவங்களோட வந்தர்றேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு பஸ் ஏறுகிறவர்கள் சொல்லிக்கொள்கிற மாதிரிதான். அவள் வாதி, அவர் பிரதிவாதியின் சாட்சி, சேர்ந்து உள்ளே நுழைந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். வழக்குக் கட்டில் குடியிருப்போர் நாற்பத்தோரு பேரின் பெயர்களும் வரிசையாக இருக்கின்றன, அதில் இருபத்துமூன்று, வளர்மதி, கணவர் பெயர் குழந்தைவேலு. சம்மன் நகல் கைக்கு வந்த அன்று அந்த வரியைத்தான் அவர் திரும்பத் திரும்பப் படித்தார். கம்பெனி மேல் போட்ட வழக்கு, கம்பெனியின் இன்ஜினியர் தான், தன் பெயர் எதிர்க்கட்சியின் காகிதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, ரேஷன் கார்டில் நிற்கிற மாதிரி, ஒன்றும் செய்ய முடியாதபடி.

வாய்தா போட்டுவிடுவார்கள். ஆறு தடவை போட்டார்கள், ஏழாவது தடவைக்கு என்ன கேடு. நீதிபதி லீவு, வக்கீல்கள் புறக்கணிப்பு, கட்டு வரவில்லை, ஏதோ ஒன்று. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வெளியே வந்து டீ குடிக்கும்போது உடம்பெல்லாம் லேசாகிவிடும், தேதி மட்டும் சட்டைப்பைக்குள் பல்லி மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆனால் இன்றைக்கு நீதிபதி வந்துவிட்டார், கட்டும் வந்துவிட்டது, பெஞ்ச் கிளார்க் எடுத்துக்கொண்டு போனதை அவரே பார்த்தார், அதற்குள்ளேதான் அந்த சைட் ரிஜிஸ்தர் இருக்கிறது, பச்சைக் காலிகோ துணி அட்டை, முனை மழுங்கி, சிமெண்டுத் தூசி ஏறி. தூசி தானாக ஏறியதில்லை. அதை நினைக்கக் கூடாது. இப்போது நினைத்தால் முகத்தில் தெரியும். எதிர் பெஞ்சிலிருந்து வளர்மதி பார்க்கிறாளா? பார்க்கவில்லை, பக்கத்தில் இருக்கிற ஆலிஸ் டீச்சரிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், டீச்சர் தலையை ஆட்டுகிறாள், தலை ஆடும்போது வெள்ளை முடியில் வெயில் விழுகிறது. கொத்தவரங்காய் பற்றிப் பேசுவார்களாக இருக்கும். என்னைப் பற்றிப் பேசுவார்களாக இருக்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்புக்காக அந்த நிலத்தைத் தோண்டிய மூன்றாம் நாள். பி பிளாக்கின் பின்வரிசைத் தூண்களுக்குக் குழி எடுத்துக்கொண்டிருந்தார்கள், எட்டடி ஆழம். காலையில் போய்ப் பார்த்தால் குழிக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். முந்தின நாள் மழையில்லை, அதற்கு முந்தின வாரமும் மழையில்லை. தண்ணீர் கலங்கலாகக்கூட இல்லை, தெளிவாக, அடியில் கிடந்த கூழாங்கல் தெரிகிற அளவுக்கு. குனிந்து கையை விட்டார். சில்லென்றிருந்தது. பக்கச்சுவரில் ஒரு இடத்தில் மணல் மெதுவாகப் புரண்டு புரண்டு விழுந்தது, உள்ளேயிருந்து யாரோ விரலால் தள்ளுகிற மாதிரி. அது பழைய பள்ளம், மழைக்காலத்தில் தண்ணீர் ஓடிய வழி, மேலே மண்ணைக் கொட்டி மனையாக்கிவிட்டாலும் தண்ணீருக்கு அது தெரியாதே. அன்றைக்கே ரிஜிஸ்தரில் எழுதினார். ஊற்றுத்தண்ணீர் வருகிறது, மண் பரிசோதனை மறுபடி எடுக்க வேண்டும், அதுவரை பின்வரிசை வேலையை நிறுத்த வேண்டும். எழுதிக் கையெழுத்தும் போட்டார். சாயங்காலம் கம்பெனி முதலாளி திருமூர்த்தி வந்து குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "மோட்டாரப் போட்டு எறச்சுட்டு காங்கிரீட்டப் போடப்பா வேலு, தண்ணி இல்லாத பூமி எங்கிருக்குது" என்றார். சரிங்கண்ணா என்றார் இவர். சரிங்கண்ணா. அந்த ஒரு சொல்லை எத்தனை தடவை சொல்லியிருப்பார், இருபத்திரண்டு வருஷத்தில், மூச்சு விடுகிற மாதிரி. மூன்று நாள் இரவு பகலாக மோட்டார் ஓடியது. நான்காம் நாள் காங்கிரீட். நாம்தான் எழுதிவிட்டோமே என்று ஒரு நிம்மதி இருந்தது. எழுதிவிட்டால் தண்ணீர் நின்றுவிடுமா? நிற்காது, ஆனால் எழுதியவனுக்கு ராத்திரி தூக்கம் வரும்.

"என்ன வேலு, மொகமே செரியில்ல?"

திருமூர்த்தி. எப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் சாவிக்கொத்து. கம்பெனி முதலாளி என்றாலும் கூட நிற்கிற மேஸ்திரியின் தோளில் கை போடுகிறவர், இவர் மகள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறியவர். அந்தக் கை இப்போது இவர் தொடை மேல் வந்து உட்கார்ந்தது.

"ஒண்ணுமில்லீங்கண்ணா. வெக்கையா இருக்குது."

"வக்கீல் சொன்னத மட்டும் மனசுல வெச்சுக்கோ. ஆமாங்க, இல்லீங்க, ஞாபகமில்லீங்க. மூணே வார்த்த. நாலாவது வார்த்த வாயில வந்துச்சுனா முழுங்கிப் போடு." சிரித்தார். பிறகு எதிர் பெஞ்சைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "தங்கச்சி நல்லாயிருக்குதா? வருத்தமெல்லாம் ஒண்ணுமில்லைனு சொல்லு. வழக்கு வேற, ஒறவு வேற."

சரிங்கண்ணா. தொடையிலிருந்து கை எழுந்து போன பிறகும் கனம் அங்கேயே இருந்தது. ஞாபகமில்லீங்க. அதுதான் மூன்றிலும் நல்ல வார்த்தை. ஆமாம் என்றால் ஒரு பக்கம் மாட்டிக்கொள்ளலாம், இல்லை என்றால் மறுபக்கம், ஞாபகமில்லை என்பவனை என்ன செய்ய முடியும். ஆனால் ஞாபகம் இருக்கிறதே. தடுப்புச் சுவர் சாய்ந்து, கார் நிறுத்துகிற தளம் பிளந்து, பி பிளாக்கின் ஒரு தூண் இரண்டு விரல் கீழே இறங்கி, மாநகராட்சிக்காரர்கள் வந்து அந்த பிளாக் குடியிருக்கத் தகுதியில்லை என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருமூர்த்தியின் தோட்டத்து வீடு. அதே கடையில் வாங்கிய அதே மாதிரிப் பச்சை ரிஜிஸ்தர், அச்சடித்த வருஷம்கூட ஒத்துப்போகிற பழைய ஸ்டாக். "பழசப் பாத்து எழுது. அந்த ஒரு எடத்த மட்டும் மாத்திக்கோ." காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தார். மூன்று பேனா, ஒன்று நீலம், ஒன்று கறுப்பு, ஒன்று எழுதாமல் அடம்பிடித்து உதறினால் எழுதுகிறது. சைட்டில் அவசரத்தில் எழுதுகிற எழுத்து வேறு, மேஜையில் எழுதுகிற எழுத்து வேறு, அதனால் பாதியில் எழுந்து நின்றுகொண்டு, ரிஜிஸ்தரை முழங்கையில் தாங்கிக்கொண்டு எழுதினார். யாரும் சொல்லித் தரவில்லை. தானாகத் தோன்றியது. மத்தியானம் அந்த வீட்டு அம்மா சந்தகையும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்து வைத்தாள், கை கழுவிவிட்டுச் சாப்பிட்டார், ருசியாகத்தான் இருந்தது. குழி காய்ந்த நிலையில் உள்ளது, மண் இறுக்கமாக உள்ளது, என்னால் பார்வையிடப்பட்டது. நாற்பத்தோராம் பக்கம். எழுதி முடித்ததும் வெளியே போய் ஒரு கை சிமெண்டு அள்ளிவந்து பக்கம் பக்கமாகத் தூவித் தேய்த்து உதறினார். பழைய ரிஜிஸ்தரை அடுப்பில் போட்டபோது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தனக்கே எது எதுவென்று தெரிந்திருக்காது என்று நினைத்தார், அப்படி நினைத்தபோது ஒரு பெருமை வந்தது. வேலையைச் சுத்தமாகச் செய்து முடித்தவனுக்கு வருகிற பெருமை. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது. பொய் எழுதியதைச் சொன்னாலும் சொல்லிவிடலாம். அந்தப் பெருமையை எப்படிச் சொல்வது.

பன்னிரண்டு. இன்னொரு பெயர். இவருடையதில்லை. ஜன்னல் வழியே உள்ளே நீதிபதி தட்டச்சருக்குச் சொல்லச் சொல்ல விசைகள் தடதடத்தன. சாட்சி சொல்வதையெல்லாம் ஒரே மாதிரியாக மாற்றித்தான் அடிப்பார்கள். இந்த இடத்தில் வாய்க்கால் இருந்தது என்று சொன்னால் சரிதான். நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்று சொன்னால் சரியல்ல. எல்லாருடைய வாழ்க்கையும் அந்த இரண்டு வாலில் ஒன்றில் முடிந்துவிடுகிறது. நான் இருபத்திரண்டு வருஷம் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் சரிதான். என் மனைவிக்கு அவள் அண்ணன்மார் கொடுத்த தோட்டப் பங்கை விற்கச் சொன்னது நான்தான் என்று சொன்னால் சரிதான். விற்றதை வைத்து ஏ பிளாக்கில் கீழ்த்தளத்தில் அவள் பேருக்கு வீடு எழுதியபோது எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால்.

எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவினார். தண்ணீர் சூடாக வந்தது. திரும்பி வந்தால் அவர் பெஞ்சில் ஆலிஸ் டீச்சர் உட்கார்ந்திருந்தாள், குடியிருப்போர் சங்கத்தின் தலைவி, முதலாம் வாதி. மாவட்டப் பள்ளிகளில் முப்பத்தாறு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். எழப் போனவளைக் கையால் தடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

"பேசலாமோ கூடாதோ தெரியல. ஆனா ஒண்ணு சொல்லிடணும்னு இருந்தது" என்றாள் டீச்சர். "நீங்க அந்தப் பக்கம் சாட்சி சொல்றீங்கன்னு எங்கள்ல சில பேருக்கு உங்க மேல வருத்தம். எனக்கு இல்ல சார். வளர்மதிகிட்டயும் சொன்னேன். தெரிஞ்சே யாராவது பெண்டாட்டி பிள்ளைகளை அங்க கொண்டுவந்து குடிவைப்பாங்களா? நீங்களும் எங்கள மாதிரி ஏமாந்தவர்தானே."

அவர் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தார். டீச்சர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, அவர் புறங்கையை லேசாகத் தட்டிவிட்டு எழுந்து போனாள். ஏமாந்தவர். வீடு பார்க்க வந்த அன்று இதே டீச்சர், வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரி வீட்டில் நின்றுகொண்டு, நீங்களும் இங்கதான் வாங்கியிருக்கீங்களாமே என்று கேட்டாள். திருமூர்த்தி எல்லாரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், எங்க இன்ஜினியரே இங்கதான் குடிவர்றார், அதுக்கு மேல என்ன கேரண்டி வேணும். ஆமாங்க டீச்சர் என்றார் இவர். அந்த ஆமாங்கவில்தான் டீச்சர் பி பிளாக்கில் வீடு வாங்கினாள். நோட்டீஸ் ஒட்டிய அன்று, பக்கவாதத்தில் கிடந்த அவள் புருஷனை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மூன்று மாடி இறக்கியபோது முன்காலைப் பிடித்தது குழந்தைவேலு. அந்த மனுஷனுக்குப் பேச்சு வராது, கண் மட்டும் பார்த்துக்கொண்டே வந்தது, படிக்குப் படி, இரண்டடி தூரத்தில், இவர் முகத்தையே. நாலு மாதத்தில் டீச்சரின் தங்கச்சி வீட்டு முன்னறையில் அவர் போய்விட்டார். குழந்தைவேலு சாவுக்குப் போனார். மாலை போட்டார். நன்றி சார் என்றாள் டீச்சர்.

ஏன் வாங்கினாய்? இதை யாரும் கேட்டதில்லை, அவரே கேட்டுக்கொள்வதும் பாதியில் நின்றுவிடும். தண்ணீர் பி பிளாக்கில்தானே வந்தது, ஏ பிளாக் மேட்டில் இருக்கிறதே என்று நினைத்தார். திருமூர்த்தி அண்ணன் வீடு கொடுக்கிறேன் என்று சொன்ன பிறகு வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார், ஏன் என்றால் குழியைச் சொல்ல வேண்டும், சொன்னால் வேலை போகும் என்று நினைத்தார். ஊரில் பாதிக் கட்டடம் பள்ளத்திலும் குளத்திலும்தான் நிற்கிறது, எது விழுந்துவிட்டது என்று நினைத்தார். இவ்வளவு நினைத்தவர் வளர்மதியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பால் காய்ச்சிய அன்று அவள் சமையல்கட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்து, "எத்தன குளுகுளுன்னு இருக்குது பாருங்க, ஏசியே வேண்டாம்" என்றாள். சுண்ணாம்பு காயலை, அதான் என்றார். மூன்று வருஷமாகச் சுண்ணாம்பு காயவில்லை. பீரோவைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி வைத்திருக்கிறாள். உளுந்து டப்பாவில் வண்டு வருகிறது. அவள் குறை சொல்வதே இல்லை. கம்பெனி மேல்தான் கோபம், உங்கள ஏமாத்திப் போட்டாங்களே என்று திருமூர்த்தியைத் திட்டும்போது தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைப்பாள். அந்தச் சோற்றைத் தின்றுகொண்டே இருக்கலாம். கூண்டில் ஏறி, நிலம் காய்ந்திருந்தது என்று சொல்லிவிட்டால் கோர்ட்டில் பொய்யன், வீட்டில் யோக்கியன். ஈரமாக இருந்தது என்று சொன்னால் கோர்ட்டில் யோக்கியன், வீட்டில். எந்தக் கதவைத் தள்ளினாலும் அதற்குப் பின்னால் அவள் நிற்கிறாள். வாய்தா போடுங்கள். ஐயா, தயவுசெய்து இன்னொரு தடவை, இன்னும் ஒரே ஒரு மாதம்.

"குழந்தைவேலு! குழந்தைவேலு! குழந்தைவேலு!"

கால்கள் தாமாக எழுந்து போயின. கூண்டின் கைப்பிடி பிசுபிசுத்தது. உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று யாரோ சொல்ல, பின்னாலேயே அவர் குரலும் சொன்னது. எழுதிக்கொடுத்த வாக்குமூலம் ஏற்கெனவே கட்டில் இருக்கிறது, கையெழுத்தை ஒப்புக்கொண்டார், கம்பெனி வக்கீல் உட்கார்ந்தார். குடியிருப்போர் பக்கத்து வக்கீல் எழுந்தாள். பர்வீன் என்று பெயர், அவர் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். ரிஜிஸ்தரை விரித்துக் கொண்டுவந்து காட்டினாள்.

"நாற்பத்தோராம் பக்கம். இது உங்க கையெழுத்துங்களா?"

"ஆமாங்க."

"குழி காய்ந்த நிலையில் உள்ளது. நீங்க எழுதினதா?"

"ஆமாங்க."

விசைகள் தடதடத்தன. இதுவரை எல்லாமே மூன்று வார்த்தைக்குள் அடங்கியது. கண்ணை உயர்த்தாமலே வளர்மதி எங்கே நிற்கிறாள் என்று தெரிந்தது, கதவோரம், டீச்சருக்குப் பின்னால், மாம்பழ நிறப் புடவை. பர்வீன் தாளைப் புரட்டினாள், ஏதோ தேடினாள், கிடைக்கவில்லை போல, அடுத்து எதைக் கேட்பது என்று தெரியாதவள் மாதிரித்தான் கேட்டாள்.

"நீங்களும் அதே குடியிருப்புலதான் இருக்கீங்க. உங்க மனைவி இந்த வழக்குல வாதி. அப்போ, நிலம் காய்ஞ்ச நிலம்னு நம்பித்தான் உங்க குடும்பத்துக்கு அங்க வீடு வாங்கினீங்க. சரிங்களா?"

கம்பெனி வக்கீலின் முகத்தில் சிரிப்பே வந்துவிட்டது. எதிர்க்கட்சியே எடுத்துத் தட்டில் வைத்த பதில். திருமூர்த்தி நாற்காலியில் சாய்ந்தார். ஆமாங்க என்றால் போதும். கம்பெனி தப்பிக்கும், வளர்மதிக்கும் தெரியாமல் போகும், டீச்சர் சொன்னதும் உண்மையாகிவிடும், ஒரே வார்த்தையில் எல்லாரும் சௌகரியமாக இருப்பார்கள். வாயைத் திறந்தார். அந்தக் குழி, தெளிந்த தண்ணீர், அடியில் கூழாங்கல், கையை விட்டபோது சில்லென்று ஏறியது, அதெல்லாம் விரல் நுனியில் இப்போதும் இருந்தது. நீங்களும் ஏமாந்தவர்தானே. முகத்தையே பார்த்துக்கொண்டு படி இறங்கிய அந்தக் கண்.

"சாட்சி, பதில் சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"இல்லீங்க."

"என்ன இல்லீங்க?"

"காஞ்ச நெலம் இல்லீங்க ஐயா. குழியில ஊத்துத் தண்ணி இருந்துச்சு. மொழங்கால் ஆழம். அப்பவே எழுதி வெச்சேனுங்க. அந்த ரிஜிஸ்தர் இது இல்லீங்க. இது செவுரு சாஞ்சதுக்கப்புறம் நான் உக்காந்து எழுதினது. பழச எரிச்சாச்சு."

கம்பெனி வக்கீல் எழுந்து என்னவோ உரக்கச் சொன்னார். நீதிபதி கையைக் காட்டி உட்காரவைத்தார். தட்டச்சர் விசையில் விரல் வைத்தபடியே திரும்பிப் பார்த்தார்.

"சத்தியம் பண்ணித்தான் வாக்குமூலம் குடுத்திருக்கீங்க. அது பொய்யா?"

"ஆமாங்க ஐயா."

"இதனால உங்களுக்கு என்ன வரும்னு தெரியுமா?"

"கொஞ்சம் தெரியுமுங்க."

நீதிபதி ரிஜிஸ்தரைத் தன் பக்கம் இழுத்து நாற்பத்தோராம் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றேகால். குறுக்கு விசாரணை முடியவில்லை, மதியம் இரண்டரைக்குத் தொடரும் என்றார். "அதுவரைக்கும் இந்த வழக்கப் பத்தி நீங்க யார்கிட்டயும் ஒரு வார்த்த பேசக்கூடாது. புரியுதா? யார்கிட்டயும்."

வராந்தா காலியாகிக்கொண்டிருந்தது. திருமூர்த்தி அவரைத் தாண்டிப் போனார், சாவிக்கொத்துச் சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் பக்கம் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். லேசாகிவிடும் என்று எங்கேயோ ஒரு மூலையில் நினைத்திருந்தார் போல. ஒன்றும் லேசாகவில்லை. காலையில் இருந்த அதே கனம், இப்போது மூடி இல்லாமல். பேசக்கூடாது என்று சொன்னது எவ்வளவு நல்லது, இரண்டரை வரைக்கும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, நீதிபதியே வாயைக் கட்டிவிட்டார், அந்த உத்தரவுக்குள் சுருண்டு உட்கார்ந்துகொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மாம்பழ நிறம் வந்து எதிரே நின்றது.

அழுதிருக்கவில்லை. முகம் வெறுமனே கழுவிவைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள் வளர்மதி. "தண்ணி இருக்குதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சது எப்போ? எம் பங்க விக்கச் சொன்னதுக்கு முன்னாலயா, பொறகா?"

அவர் கதவைப் பார்த்தார். டவாலி நாற்காலியில் சாய்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். பேசக்கூடாது. புரியுதா. யார்கிட்டயும். அவள் நகரவில்லை. அவர் பேசக்கூடாது என்பது அவளுக்கும் தெரியும், உள்ளே நின்று கேட்டவள்தானே. தெரிந்தேதான் கேட்கிறாள்.

"முன்னாலயே" என்றார்.

வளர்மதி தலையை ஆட்டினாள், கடைக்காரன் விலை சொன்னதும் ஆட்டுகிற மாதிரி, ஒரு தடவை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். போகப் போனவள் நின்றாள்.

"எதிர்த்தாப்பல மெஸ் இருக்குது. ஏதாச்சும் ரெண்டு வாய் சாப்டுட்டு வாங்க, வெறும் வயித்துல நின்னா மயக்கம் வரும்" என்றாள். "ரெண்டரைக்கு அந்தப் பொண்ணு மிச்சத்தக் கேக்கும். ஒண்ணையும் விடாம சொல்லுங்க. நான் முன்வரிசையில உக்காந்து கேக்கறேன்."